மிகை, குறை, இன்மை, பிறழ்வு: உடற்பிறழ்வுகளைச் சுட்டும் மருத்துவக் கலைச்சொற்கள்

முன்னுரை

உடலின் இயக்கமோ வளர்ச்சியோ இயல்பினின்று விலகும்போது, அவ்விலகலைப் பெயரிட மேலை மருத்துவம் பெரும்பாலும் கிரேக்க முன்னொட்டுகளையே நம்பியுள்ளது. 'ஹைப்பர்' மிகுதியையும் 'ஹைப்போ' குறைவையும் 'அ' அல்லது 'அன்' இன்மையையும் 'டிஸ்' செவ்வையின்மையையும் உணர்த்தும். தமிழில் இவை முறையே மிகை, குறை, இன்மை, பிறழ்வு எனப் பெயர்க்கப்படுகின்றன. இவற்றுள் முதலிரண்டும் நம் மரபுக்குப் புதியன அல்ல. மிகுதலும் குறைதலும் நோய் செய்யும் என்னும் கருத்து, திருக்குறளின் மருந்து அதிகாரத்து முதற்குறளிலேயே (941) இடம்பெற்றுள்ளது. முன்னொட்டைப் பெயர்ப்பது எளிது. அது சேர்ந்துநிற்கும் அடிச்சொல்லும், அச்சொல் சுட்டும் உடல்நிகழ்வுமே இடர் தருவன. 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், உடலியங்கியலைச் 'சுகரணவாதம்' என வடசொல்லாக்கத்தால் வழங்கினார். இன்று தனித்தமிழ் வடிவங்கள் பெருகியுள்ளன. ஆயினும் பொருள்மயக்கம் நீங்கிவிடவில்லை.

நீரடைப்பும் நீரின்மையும்

சிறுநீர்க் கோளாறுகளுக்கு நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரடைப்பு, நீரிழிவு எனத் தமிழ் மருத்துவ வழக்கில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இவையனைத்தும் நோயாளி உணரும் குறியை அடியாகக் கொண்டவை. நீர் மிகுதியாக இழிவதைக் கண்டே நீரிழிவு என்றனர். மேலை மருத்துவமோ குறியோடு அதன் பின்னுள்ள நிகழ்வையும் பிரித்துப் பெயரிடுகிறது. ஒரு நாளில் வெளியேறும் சிறுநீர் ஏறத்தாழ 400 மில்லிலிட்டருக்குக் குறைந்தால் 'ஒலிகூரியா'. 100 மில்லிலிட்டருக்கும் குறைந்தால் 'அனூரியா'. பின்னதில் சிறுநீரகம் நீரை உண்டாக்குவதில்லை, அல்லது உண்டான நீர் சிறுநீர்ப்பைக்கு வந்து சேர்வதில்லை. பை வெறுமையாக இருக்கும். 'ரிட்டென்ஷன்' இதற்கு நேர்மாறானது. அதில் பை நிரம்பியிருந்தும் நீர் வெளியேறாது.

"நீர் போகவில்லை" என்பதே இருநிலையிலும் நோயாளி கூறுவது. இரண்டையும் நீரடைப்பு என்றே எழுதினால் செவிலியம் பயிலும் மாணவர் எதை விளங்கிக்கொள்வார்? நிரம்பிய பையில் குழாய் செலுத்தினால் துன்பம் உடனே தணியும். வெறும் பையில் செலுத்தினால் பயனில்லை, சிறுநீரகத்தைக் காக்கும் வழியையே நாடவேண்டும். எனவே முன்னதைச் 'சிறுநீர்த் தேக்கம்' என்றும் பின்னதைச் 'சிறுநீரின்மை' என்றும் பிரித்தாளுதல் தகும். ('நீர்த்தேக்கம்' எனச் சுருக்கினால் அணைதான் நினைவுக்கு வரும்.) நீரடைப்பு என்னும் வழக்குச்சொல்லை நோயாளியின் கூற்றைப் பதிவுசெய்யும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பருத்தலும் பெருகலும்

'ஹைப்பர்டிராபி' என்பது உயிரணுக்களின் பருமன் கூடுவது. 'ஹைப்பர்பிளாசியா' என்பது அவற்றின் எண்ணிக்கை கூடுவது. நெடுநாள் இரத்த அழுத்தத்தால் இதயத்தசை தடிப்பது முன்னதற்கும், முதிய ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி பெரிதாவது பின்னதற்கும் எடுத்துக்காட்டுகள். தமிழில் இரண்டும் 'மிகைவளர்ச்சி' என்றோ, இன்னும் தளர்வாக 'வீக்கம்' என்றோ எழுதப்படுகின்றன. வீக்கம் என்பது அழற்சியை நினைவூட்டுவதால் இங்குப் பொருந்தாது. பருத்தல், பெருகுதல் என்னும் வினைகள் இவ்வேறுபாட்டைத் தாமே உணர்த்துகின்றன. உயிரணுப் பருமை, உயிரணுப் பெருக்கம் என்றால் விளக்கமே வேண்டா.

ஒரு சொல், இரு நிலைகள்

'டிஸ்பிளாசியா' என்பதில் மூலமொழியிலேயே மயக்கம் உண்டு. குழந்தையின் இடுப்பு மூட்டுக்குழி ஆழமின்றி அமைவதும் அதே பெயர் பெறும். வளர்ந்த பெண்ணின் கருப்பை வாயில் உயிரணுக்கள் உருவமும் ஒழுங்கும் மாறுவதும் அதே பெயர் பெறும். முன்னது உறுப்பு உருவாகும்போது நேர்ந்த குறை. பின்னது புற்றுநோய் அன்று. கவனிக்காதுவிடின் அதுவாக மாறக்கூடியது. இரண்டையும் 'பிறழ்வளர்ச்சி' எனப் பெயர்த்தால், குழந்தையின் அறிக்கையைப் படிக்கும் தாய் காரணமின்றி அஞ்சவும், கருப்பை வாய்ச் சோதனை முடிவைப் படிக்கும் பெண் அதைப் பிறவிக்குறை என்றெண்ணி வாளாவிருக்கவும் இடமுண்டு. இரண்டாவது பிழையே கொடிது.

மூலத்தின் மயக்கத்தையும் சேர்த்துப் பெயர்க்கவேண்டிய கட்டாயம் மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. உறுப்பு சார்ந்ததை 'உருவாக்கக் குறை' என்றும், உயிரணு சார்ந்ததை 'உயிரணுத் திரிபு' என்றும் வழங்கலாம். ஒன்று வேறொன்றாய் மாறுவதைத் திரிதல் என நம் இலக்கணம் முன்பே பெயரிட்டுள்ளது. ஆய்வக அறிக்கைகள் குறிக்கும் படிநிலைகளையும் இளந்திரிபு, இடைத்திரிபு, கடுந்திரிபு என இச்சொல் இயல்பாக ஏற்கும்.