பக்கெட்டுக்குள்ள பாராசிட்டமால்!

ஹாஸ்டல்வாசிகளே... ஒரு நிமிஷம் எழுந்து போய் உங்க பாத்ரூம் ஜன்னல் திட்டைப் பாருங்க. தலை நசுங்கின பேஸ்ட், போன வருஷ சீனியர் விட்டுட்டுப் போன ஷாம்பு, துருப்பிடிச்ச ரேஸர், அதுக்குப் பின்னால பதுங்கி உட்கார்ந்திருக்கிற பாதி கிழிஞ்ச மாத்திரை அட்டை... இருக்குதானே? அந்த அட்டையில பேரும் இல்லை, தேதியும் இல்லை. ஆனா, நடுராத்திரி ரெண்டு மணிக்கு ரூம்மேட்டுக்குக் காய்ச்சல் அடிச்சா, நம்ம கை முதல்ல போறது அங்கேதான்!

இங்கிலீஷ் படங்கள்ல ஹீரோ பாத்ரூம் கண்ணாடியைத் திறப்பார். உள்ளே வரிசையா மருந்து டப்பாக்கள் மின்னும். அதே மாதிரி கண்ணாடி வெச்ச பிளாஸ்டிக் அலமாரி இப்போ நம்ம ஊர் கடைகள்லயும் தொங்குது. பார்க்க செம ஸ்டைல்தான். வாங்கி மாட்டுங்க, சோப்பு சீப்பு வையுங்க. மாத்திரையை மட்டும் வெச்சுடாதீங்க!

ஏன் கூடாது பாஸ்?

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியைக் கொஞ்சம் தூசி தட்டுங்க. ஆஸ்பிரின் ஒரு எஸ்டர். ஈரக் காற்று பட்டா அது சாலிசிலிக் அமிலமாவும் அசிட்டிக் அமிலமாவும் உடைஞ்சுடும். பழைய ஆஸ்பிரின் பாட்டிலைத் திறந்தா வினிகர் வாசனை அடிக்கிற ரகசியம் இதுதான். ஜெலட்டின் கேப்ஸ்யூல்கள் ஈரத்துல இளகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நாலு பேர் வெந்நீர்ல குளிச்சு முடிச்ச பாத்ரூம், மாத்திரையைப் பொறுத்தவரைக்கும் ஒரு இட்லிப் பானை! நிறைய மாத்திரை அட்டைகள்ல '30 டிகிரிக்குக் கீழே, ஈரமும் வெளிச்சமும் படாம வைக்கவும்'னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. அதை யாரு படிக்கிறா?

டிபன் கேரியர் டிஸ்பென்சரி

வீட்டுப் பரண்ல சும்மா கிடக்கிற நாலடுக்கு டிபன் கேரியரைக் கடத்திட்டு வாங்க. எவர்சில்வர், வெளிச்சம் புகாது, கைப்பிடி இருக்கு, எந்த ரூமுக்கும் தூக்கிட்டு ஓடலாம். புது ஷூ டப்பாவுல வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதை அடுக்குக்கு ஒண்ணு போடுங்க. ஈரத்தை அது உறிஞ்சுக்கும். வெளியே பெயின்ட்ல 'இது சாப்பாடு இல்லை'ன்னு எழுதிடுங்க. இல்லைன்னா பசியில எவனாவது திறந்து பார்ப்பான்!

முதல் அடுக்கு, காயம்: பஞ்சு, பிளாஸ்திரி, கிருமிநாசினி, சின்ன கத்தரிக்கோல்.

ரெண்டாவது அடுக்கு, காய்ச்சல்: டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாராசிட்டமால். பெரியவங்களுக்கே 24 மணி நேரத்துல 4 கிராம்தான் உச்ச வரம்பு. அதுக்கு மேல போனா கல்லீரலுக்கு ஆபத்து. பல ஜலதோஷ மாத்திரைகள்ல ஏற்கெனவே பாராசிட்டமால் கலந்திருக்கும். ரெண்டையும் சேர்த்துப் போட்டா கணக்கு எகிறிடும். அட்டையைத் திருப்பிப் படிங்க. மழைக்கால காய்ச்சல்னா டெங்குவா இருக்கலாம். ரத்தக் கசிவை அதிகமாக்கும்கிறதால டாக்டர் சொல்லாம ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் பக்கம் போகவே கூடாது.

மூணாவது அடுக்கு, வயிறு: மெஸ் சாப்பாட்டுக்கு எதிரான ஆயுதம், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்! பெரிய பாக்கெட்டை முழுசா 1 லிட்டர் சுத்தமான தண்ணியில கரைக்கணும். கால் டம்ளர்ல கால் பாக்கெட் கதையெல்லாம் வேணாம். கரைச்சதை 24 மணி நேரத்துல முடிச்சுடணும்.

நாலாவது அடுக்கு, அவங்கவங்க மருந்து: டாக்டர் சீட்டோட, பேர் எழுதின கவர்ல. அட்டையில செங்குத்தா சிவப்புக் கோடு இருந்தா, டாக்டர் சீட்டு இல்லாம அதைத் தொடாதீங்க. ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி முழுங்குறதைத் தடுக்க, மத்திய அரசு 2016-ல இந்தக் கோட்டைப் பத்திப் பிரசாரமே பண்ணுச்சு. 'எனக்குச் சரியாச்சு, நீயும் போடு மச்சி'ங்கிற நட்பு இங்கே வேணாம்.

வீசிங் இருக்கிற நண்பரோட இன்ஹேலர் மட்டும் கேரியருக்குள்ள போகக் கூடாது. தலைமாட்டுல, கை எட்டுற இடத்துல இருக்கட்டும்.

அப்போ பாத்ரூம்ல என்ன வைக்கிறதாம்?

கதவுல தொங்கவிடுற வலைத்துணி ஷூ பை ஒண்ணு வாங்குங்க. ஆளுக்கு ரெண்டு பாக்கெட். தண்ணி தானா வடிஞ்சுடும், சோப்புச் சண்டையும் தீரும். பிளம்பர் வேலை நடக்கிற இடத்துல மிச்சமான பி.வி.சி. பைப் துண்டுகளை வாங்கி, ஒரு முனையைச் சாய்வா அறுத்து, கலர் அடிச்சுச் சேர்த்துக் கட்டுங்க. அட்டகாசமான பிரஷ் ஸ்டாண்ட் ரெடி! டாய்லெட்டை விட்டுத் தள்ளி வைங்க. ஈர பிரஷ்ஷுக்கு மூடி போடாதீங்க, காத்தாட விடுங்க.

ரப்பர் சக்ஷன் கொக்கி மாட்டுறவங்களுக்கு ஒரு இன்ஜினீயரிங் டிப்ஸ்: அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது பசை இல்லை, காற்றழுத்தம். ஒரு சதுர செ.மீ-க்குச் சுமார் 1 கிலோ! வழவழ டைல்ஸ்ல ஜம்முனு நிக்கும். சுண்ணாம்புச் சுவர்ல இடுக்கு வழியா காத்து புகுந்து, 'தொபுக்கடீர்'!

மூடிக்குள்ள ஒரு ரகசியம்

கேரியர் மூடியோட உட்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்க. ரூம்ல இருக்கிற ஒவ்வொருத்தரோட ரத்த வகை, ஆகாத மருந்து, வீட்டு நம்பர், கீழே பெருசா 108. நண்பன் மயங்கிக் கிடக்கும்போது 'இவனுக்கு எந்த மருந்து அலர்ஜி?'ன்னு டாக்டர் கேட்டா, நாம முழிக்கக் கூடாது இல்லையா?

மாத்திரையைக் கிழிக்கும்போது தேதி போட்ட முனையைக் கடைசி வரை விட்டு வைங்க. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை அஞ்சே நிமிஷம் ஒரு ரெய்டு. காலாவதி ஆனதைப் பிரிச்சு, டீத்தூள் சக்கையோட கலந்து, கவர்ல கட்டிக் குப்பையில போடுங்க.

இந்த ஞாயிறே ஆரம்பிங்க. முதல் வேலை, அந்த ஜன்னல் திட்டுல பதுங்கியிருக்கிற பேர் தெரியாத அட்டையைத் தூக்கி வெளியே போடுறதுதான்!