கட்டுச்சோற்றோடு காலாப்பட்டுக்கு

விடுமுறை தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் பிள்ளைகள் ஒரு வேண்டுகோளை முன்வைப்பார்கள்: "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்களேன்." தகப்பனார் மாதக் கடைசியை எண்ணி மௌனமாயிருப்பார். "அப்பாவுக்கு வேலை இருக்கிறது" என்று தாயார் சமாதானம் கூறுவார். தடையாயிருப்பது வேலையன்று, பணமே என்பதைப் பிள்ளைகளும் அறிவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக எழும்பியுள்ள உல்லாச விடுதிகளைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துப் பார்த்து, நீராடலும் நல்லுணவும் காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருள்கள் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

வளைகுடா நாடுகளில் உழைத்து விடுப்பில் வரும் நம்மவர்கள் வேறு கதை சொல்லுகிறார்கள். மஸ்கட் நகரம் ஓராண்டில் பெறும் மழை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். 2024-ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது புதுவையில் ஒரே நாளில் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அத்தகைய வறண்ட நகரத்திலும் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை காலையில் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு, 'வாதி' எனப்படும் மலைப் பள்ளத்தாக்குகளுக்குச் செல்கின்றன. பாறைகளினூடே நடந்து, தேங்கி நிற்கும் சுனையில் குளித்து, நிழல் கண்ட இடத்தில் உண்டு திரும்புகின்றன. பாலைவனத்தார் தண்ணீரைத் தேடி நடக்கிறார்கள். நமக்கோ கடல் வாசலிலேயே இருக்கிறது.

புதுவைக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள காலாப்பட்டை எடுத்துக்கொள்வோம். இது புதுவை ஆட்சிப்பரப்பைச் சேர்ந்தது. ஆயினும் கடல் நீங்கலாகச் சுற்றிலும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர் துண்டு துண்டாக ஆண்ட நிலம், 1954 நவம்பர் 1 அன்று கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பின்னும், அதே துண்டுகளாகவே நிற்கிறது. புதுவையிலிருந்து பேருந்தில் செல்லும்போது எத்தனை முறை மாநிலம் மாறுகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். செலவில்லாத வரலாற்றுப் பாடம் அது.

அதிகாலைப் பேருந்தில் காலாப்பட்டையும் கனகசெட்டிக்குளத்தையும் தாண்டிச் சென்று, கீழ்ப்புத்துப்பட்டில் இறங்கி, தெற்கு நோக்கித் திரும்பி நடப்பதே நல்லது. அங்கே அய்யனார் கோவிலைச் சுற்றி ஒரு காடு இருக்கிறது. சோழமண்டலக் கரையோரம் முன்னொரு காலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டில் எஞ்சிய சிறு துண்டுகளுள் இதுவும் ஒன்று. கோடரி படாது தெய்வத்திற்கென்று விடப்பட்டமையால் பிழைத்த காடு. நம் புலவர்கள் நீல நிறத்துக்கு உவமை கூறிய காயாம்பூ இத்தகைய காடுகளில்தான் பூக்கிறது. கோடையிலும் இலை உதிராத மரங்களின் அடியில் நிற்கும்போது, வெளியே சாலையில் அடிக்கும் வெயில் மறந்துபோகும். நம் இந்து சகோதரர்களின் வழிபாட்டிடம் அது. செருப்பு, உரத்த பேச்சு, ஒலிபெருக்கிப் பாட்டு யாவற்றையும் வெளியே விட்டுச் செல்வதும், ஒரு கிளையைக்கூட ஒடியாமல் திரும்புவதும் நாம் காட்டவேண்டிய மரியாதை.

அங்கிருந்து காலாப்பட்டுக்குக் குழந்தைகளோடு நடந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துசேரலாம். மணற்கரை உள்ள இடங்களில் கரையோரமாகவும், கற்கள் கொட்டப்பட்ட இடங்களில் ஊர்ச் சாலை வழியாகவும் வரவேண்டும். இக்கற்கள் ஏன் வந்தன என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆண்டின் பெரும்பகுதி நம் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் பிற்பகுதியில் புதுவைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டப்பட்ட தடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டன. வடக்கேயுள்ள கரைக்கு மணல் வரத்துக் குன்றியது. அலை மட்டும் குறையவில்லை. மீனவர் குப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையை இழந்தன. வலை உலர்த்திய மணற்பரப்பு போயிற்று, வீடுகளும் போயின. ஏழை மக்கள் கட்டணமின்றி உட்கார்ந்து காற்று வாங்கிய இடமும் அதனோடு போயிற்று.

இனிக் கடலில் இறங்குவது பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. உல்லாசமாக வந்த பிள்ளையைத் துணியால் மூடிக் கரையில் கிடத்தியிருக்க, தாயின் பக்கத்தில் சொல்லற்று நிற்கவேண்டிய கடமை நம் போன்றோருக்கு ஒரு முறைக்கு மேல் வாய்த்திருக்கிறது. இறந்தவர்களில் நீந்தத் தெரிந்தவர்களும் உண்டு. அவர்களை வீழ்த்துவது அலையன்று, இழுப்பு. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் ஏதோ ஓர் இடுக்கு வழியாகக் கடலுக்குள் திரும்பியாக வேண்டும். அந்த வழியில் ஓடும் நீரோட்டமே இழுப்பு. இருபுறமும் அலை வெண்ணுரையாக உடைய, நடுவில் மட்டும் அலை உடையாமல், கருத்து அமைதியாகத் தோன்றுமிடம் பெரும்பாலும் அதுதான். குழந்தைகளுக்குப் பாதுகாப்பானதென்று பெற்றோர் தேர்ந்தெடுப்பதும், அந்தோ, அதே இடத்தைத்தான்! கல்வரிசைகளின் ஓரத்திலும் இழுப்பு பலமாயிருக்கும்.

அதில் சிக்கியவர் கரையை நோக்கி நீந்தினால் களைத்துப்போவாரேயன்றி முன்னேறமாட்டார். பதற்றமின்றி மல்லாந்து மிதந்து, கையை உயர்த்திக் கூவி உதவி கேட்க வேண்டும். நீந்த வலுவிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்தை அடைந்து, அலையோடு கரை திரும்பலாம். ஒருவரைக் காப்பாற்ற மற்றொருவர் பாய்ந்து இருவரும் மாண்டுபோவது அடிக்கடி நிகழ்கிறது. ஆதலின் பாயாதீர்கள். மூடி இறுக்கிய வெற்றுத் தண்ணீர்க் குடம் ஒன்றைக் கயிற்றில் கட்டி எறியுங்கள். மீனவரைக் கூவி அழையுங்கள். குடமும் கயிறும் கட்டுச்சோற்றைப் போலவே கொண்டுசெல்ல வேண்டிய பொருள்கள்.

இறங்குமுன் அவ்வூர் மீனவர் ஒருவரைக் கேளுங்கள். "இன்றைக்கு வேண்டாம்" என்று அவர் சொன்னால் வேண்டாம்தான். அரசு தடை விதித்துப் பலகை வைத்துள்ள இடத்தில் கேள்விக்கே இடமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் முரடாக இருக்கும். தை, மாசி மாதங்கள் ஓரளவு சாந்தமானவை. பிள்ளைகளுக்கு முழங்கால் ஆழம் போதும்; எட்டிப் பிடிக்கும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். கைப்பேசியில் படம் எடுப்பவர் அந்தப் பெரியவராகமாட்டார். புடவையும் தாவணியும் நனைந்தால் காலைச் சுற்றி இழுக்கும் என்பதால், பெண்கள் கணுக்காலுக்கு மேல் போகாதிருப்பது நலம். மது அருந்தியவர் நீரில் இறங்கவே கூடாது. புதுவைக்கு உல்லாசப் பயணம் என்றதும் ஆண்களில் பலருக்கு எது நினைவுக்கு வருகிறது என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. சேமித்த காசும், அந்த நாளும், சில வேளை உயிரும் அங்கேதான் கரைகின்றன.

உணவுக்கு வருவோம். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு முக்கால் கிலோ அரிசியில் புளிச்சோறு, அவித்த முட்டை, ஒரு துவையல் போதும். வாழையிலையில் கட்டினால் மணமும் கூடும், குப்பையும் சேராது. குடிநீர் பத்து லிட்டராவது வேண்டும். இதைத்தான் பலரும் குறைத்துக் கணக்கிட்டு, பிறகு கடையில் இரட்டைச் செலவு செய்கிறார்கள். காலையில் படகு கரையேறும் வேளையில் இருந்தால் மீனவப் பெண்களிடம் நெத்திலி வாங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத காலம். நாட்டுப் படகுகளுக்கு அத்தடை இல்லாமையால் அப்போதும் சிறு மீன் கிடைக்கும், விலைதான் சற்று ஏறியிருக்கும். பேரம் பேசலாம், ஆனால் விடுதியில் கேட்ட விலையைக் கொடுக்கும் நாம், கூடைக்காரம்மாளிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பது அழகாயில்லை. முதல் நாள் இரவே வைத்த மீன் குழம்பைத் தூக்குச்சட்டியில் கொண்டுவருவோர் இந்தத் தொல்லை எதுவுமின்றி நன்றாகவே உண்பர்.

உண்டபின் உடலில் உப்பு பிசுபிசுக்கும். சாலைக்கு மேற்கே வயல்களும் முந்திரித் தோப்புகளும் உள்ளன. மோட்டார் ஓடும் கொல்லையாகப் பார்த்து, உரியவரிடம் அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். கடலைக் கண்டு அஞ்சி ஒதுங்கிய குழந்தையும் பம்புசெட்டுத் தொட்டியில் துள்ளிக் குதிக்கும். பாட்டிமார்கள்கூட இங்கே தலையை நனைத்துக்கொள்வார்கள். சோப்பு மட்டும் வேண்டாம். அது பயிருக்குப் பாயும் தண்ணீர்.

மாலை ஐந்து மணிக்குமேல், அதிலும் ஞாயிற்றுக்கிழமைகளில், சென்னையிலிருந்து வரும் பேருந்துகள் நிரம்பியே வரும். நான்கு மணிக்கே சாலைக்கு வந்துவிடுங்கள். திரும்பும் கட்டணத்தைத் தாயாரின் முந்தானையில் தனியே முடிந்து வைப்பது பழைய வழக்கம். இன்றும் அதைவிடப் பாதுகாப்பான பெட்டகம் கிடையாது.