தேரும் டாங்கியும்

தில்லை என்று போற்றப்படும் சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சன விழாவிலும் மார்கழித் திருவாதிரை விழாவிலும் ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன. வடம் பிடிப்போர் எத்துணைப் பேராயினும், தேரை முன்னோக்கி இழுக்கவே அவர்களால் இயலும். கீழவீதி முனையில் அதனைத் தெற்கு வீதிக்குத் திருப்புவோர் முட்டுக்கட்டை இடுவோரே ஆவர். திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்தைக் கட்டையிட்டுத் தடுப்பர். மறுபக்கச் சக்கரம் தொடர்ந்து உருளும். தேர் சிறிது சிறிதாகத் திரும்பும். கட்டை தவறினால் தேர் வீதியோரத்து வீட்டை நோக்கிச் சென்றுவிடும்.

ஒரு பக்கத்தைத் தடுத்து மறுபக்கத்தை ஓடவிடும் இம்முறையே சங்கிலிப் பட்டைகளின்மேல் ஊரும் வண்டிகளையும் திருப்புகிறது. கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் 1961-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அத்தகைய சுரங்கங்களில் மண்ணைத் தள்ளும் புல்டோசர்களுக்கு மோட்டார் வண்டியைப்போல வளைந்து திரும்பும் முன்சக்கரங்கள் இல்லை. பலவற்றில் இருபுறப் பட்டைகளுக்கும் தனித்தனியே கிளட்சும் பிரேக்கும் உண்டு. இடப்புறக் கிளட்சை விடுவித்துப் பிரேக்கை அழுத்தினால், வலப்புறப் பட்டை மட்டும் ஓட, வண்டி இடப்புறம் திரும்பும்.

போர்க்களத்தில் டாங்கி முதன்முதல் தோன்றியது 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாளில், பிரான்சு நாட்டுச் சோம் போர்முனையில் ஆகும். அந்த டாங்கியைச் செலுத்தித் திருப்ப நால்வர் தேவைப்பட்டனர். தலைவர் பிரேக்குகளை இயக்குவார். ஓட்டுநர் முதன்மைப் பற்சக்கரங்களைக் கவனிப்பார். மற்ற இருவர் இருபுறப் பட்டைகளின் பற்சக்கரங்களை மாற்றுவர். எஞ்சின் இரைச்சலில் குரல் கேளாமையால் கட்டளைகள் சைகையாலேயே வழங்கப்பட்டன. 1918-இல் வந்த ஐந்தாம் வகை டாங்கியைத்தான் ஒருவரே ஓட்ட முடிந்தது.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினரும் பயன்படுத்திய பிரென் காரியர் என்னும் சிறு வண்டியில் வேறோர் உத்தி இருந்தது. திசைச்சக்கரத்தைச் சிறிது திருப்பினால், தாங்குருளைகள் பக்கவாட்டில் நகர்ந்து பட்டையையே சற்று வளைக்கும். வண்டி மெல்லத் திரும்பும். மேலும் திருப்பினால் ஒருபுறப் பிரேக் பிடிக்க, வண்டி சட்டெனத் திரும்பும்.

இத்தகைய பழைய வண்டியைப் புதுப்பித்து ஓட்டும்பொழுது அது ஒரு பக்கமாகவே இழுத்துச் செல்வதுண்டு. உடனே உள்ளுறுப்புகளைப் பிரிப்பது அறிவுடைமை அன்று. முதலில் சமதரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சரிந்த சாலையும் வண்டியை இழுக்கும். அடுத்து, இருபுறப் பட்டைகளும் ஒரே அளவு தொய்ந்துள்ளனவா என்று ஒப்பிட வேண்டும். பின்னர்ச் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, இரு பிரேக்குகளின் வெப்பத்தையும் அறிய வேண்டும். ஒன்று மிகுதியாகச் சுடுமாயின், அது விடுபடாமல் உரசுகிறது என்பது பொருள். வண்டியும் அப்பக்கமே இழுக்கும்.

திருப்பியும் வண்டி திரும்பாவிடில், அப்பக்கத்துப் பிரேக் பிடிக்கவில்லை எனலாம். இணைப்புத் தண்டு தளர்ந்திருக்கலாம். உராய்வுப் பட்டை தேய்ந்திருக்கலாம். அதன்மேல் எண்ணெய் கசிந்திருக்கலாம். கசிவை அடைக்காமல் பட்டையை மட்டும் மாற்றினால், புதிய பட்டையும் விரைவில் எண்ணெயில் நனைந்து பயனற்றுப் போகும். காரியர் சட்டெனத் திரும்பியும் மெல்லத் திரும்ப மறுத்தால், பட்டையை வளைக்கும் உறுப்பு துருவேறி இறுகியுள்ளதா என்று ஆராய வேண்டும்.

பழுது போலத் தோன்றிப் பழுதல்லாத ஒன்றும் உண்டு. கிளட்சால் திரும்பும் வண்டி செங்குத்தான சரிவில் இறங்கும்பொழுது, எஞ்சினே பட்டைகளின் விரைவை அடக்கி வைக்கிறது. அப்பொழுது பிரேக்கைப் பிடிக்காமல் இடக் கிளட்சை மட்டும் விடுவித்தால், இடப்பட்டை கட்டற்று விரைந்தோடும். வண்டி வலப்புறம் திரும்பிவிடும். இதனை அறியாத ஓட்டுநர் பள்ளத்தை விட்டு விலக எண்ணிப் பள்ளத்திலேயே இறங்க நேரும். ஆதலால் வண்டியைச் செம்மை செய்வோர் அதன் உறுப்புகளை மட்டுமன்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தப் பக்கம் தடுக்கப்படுகிறது என்பதையும் ஒவ்வொரு கணமும் அறிந்திருத்தல் வேண்டும். தேர்ச்சக்கரத்தின் அருகே கட்டையுடன் நிற்பவரும் அதனையே கூர்ந்து நோக்குகிறார்.