பாட்டியின் பாம்படம் எங்கே?

சிவகாசிப் பக்கத்து அச்சகம் ஒன்றில் தீப்பெட்டி அளவுப் படத்தைக் கொடுத்து, "இதைச் சுவர்க் காலண்டராக அடித்துத் தாருங்கள், அண்ணாச்சி!" என்று கேட்டுப் பாருங்கள். "அடிக்கலாம், ஆனால் படம் உடையுமே, பரவாயில்லையா?" என்பார். பானை உடையும், கண்ணாடி உடையும்; படம் எப்படி உடையும் என்கிறீர்களா? படம் என்பது புள்ளிகளின் கூட்டம். அளவுக்கு மீறி இழுத்தால் புள்ளிகள் பிரிந்து, முகம் கட்டம் கட்டமாகப் போய்விடும். அதைத்தான் உடைவது என்கிறார்கள்.

அச்சகத்துக்காரர் கேட்கும் இதே கேள்வி, நாரணாபுரம் மாதிரியான பட்டாசு ஊர்களில் வீட்டுப் பீரோவுக்குள்ளேயும் காத்திருக்கிறது. 1980களிலும் 1990களிலும் கல்யாணம் செய்துகொண்டவர்கள் பட்டுப் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கும் வீடியோ காஸெட்டைத்தான் சொல்கிறேன். அன்றைக்குச் சின்ன டெலிவிஷன் பெட்டியில் ஜோராகத் தெரிந்த படம், இன்றைக்குச் சுவரை அடைக்கும் டெலிவிஷனில் கஞ்சித் தண்ணீர் போலத் தெரிகிறது. "கவலையே வேண்டாம், கம்ப்யூட்டரில் போட்டால் போர்-கே ஆகிவிடும்" என்று யாராவது தைரியம் சொல்கிறார்கள். ஆகிவிடுமா?

இருபதில் ஒன்று

கொஞ்சம் கணக்குப் போடுவோம். நம் நாட்டுப் பழைய டெலிவிஷன் முறையில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. காஸெட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒரு கோட்டுக்கு 720 புள்ளி வைப்பது வழக்கம். பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். போர்-கே டெலிவிஷனிலோ 3,840-ஐ 2,160-ஆல் பெருக்க வேண்டும், 82,94,400 புள்ளிகள். சரியாக இருபது மடங்கு!

அதாவது, திரையில் நீங்கள் காணப் போகும் இருபது புள்ளிகளில் ஒன்றுதான் காஸெட் கொடுத்தது. மீதிப் பத்தொன்பதும் இயந்திரம் போட்டவை. காஸெட்டில் மெய்யாகவே பதிவான நுணுக்கம் இந்தக் கணக்கைவிடவும் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பத்தொன்பதையும் இயந்திரம் எங்கிருந்து கொண்டு வருகிறது? பழைய வழி சுலபமானது. கறுப்புப் புள்ளிக்கும் வெள்ளைப் புள்ளிக்கும் நடுவே ஒரு சாம்பல் புள்ளியை வைப்பது. மோரில் தண்ணீர் விட்டுப் பெருக்குவது போலத்தான் இது. அளவு கூடும், ருசி கூடாது. படம் உடையாது, ஆனால் மங்கலாகவே இருக்கும்.

புதிய வழி வேறு. 2014-ல் ஹாங்காங்கின் சீனப் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டருக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். தெளிவான படம் ஒன்று, அதையே சுருக்கி மங்கலாக்கியது ஒன்று, இப்படி ஜோடி ஜோடியாகக் காட்டி, "மங்கலானது இப்படி இருந்தால் தெளிவானது எப்படி இருக்கும்?" என்று பழக்கினார்கள். இன்றைய கருவிகள் பலவும் அந்த வழியில் வந்தவையே. இலையின் நரம்பு, புடவையின் இழை, தலைமுடி எல்லாம் பளிச்சென்று வந்துவிடுகின்றன.

வந்தது யார் முகம்?

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். இயந்திரம் கண்டுபிடிக்கவில்லை, ஊகிக்கிறது. அதுவும் தான் பார்த்துப் பழகிய படங்களை வைத்துக்கொண்டு ஊகிக்கிறது. 2020-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக் கழகத்தார் மங்கலான முகத்தைத் தெளிவாக்கும் நிரல் ஒன்றை வெளியிட்டார்கள். அதனிடம் முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவின் கட்டம் கட்டமான படத்தை ஒருவர் கொடுத்துப் பார்த்தார். தெளிவாக ஒரு முகம் வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரரின் முகம்!

நம் வீட்டுக் காஸெட்டுக்கு வருவோம். மணமேடைக்குப் பின்னால் பாட்டி நிற்கிறாள். காதில் பாம்படம் தொங்குகிறது. காஸெட்டில் அது நாலைந்து மஞ்சள் புள்ளிதான். பாம்படத்தையே பார்த்திராத இயந்திரம் அதை என்ன செய்யும்? ஜிமிக்கி ஆக்கலாம், கூந்தலோடு கூந்தலாகப் பூசிவிடலாம். பாட்டியின் முகச் சுருக்கத்தை அழுக்கு என்று நினைத்து இழைத்தும் விடலாம். பேரன் பேத்திகள், "பாட்டி எவ்வளவு அழகு!" என்பார்கள். ஆனால் அது அவர்கள் பாட்டியாக இராது.

பட்டாசு ஊருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தூசி துடைக்கும் நிரல், ஒரு காட்சியில் மட்டும் தோன்றி அடுத்ததில் மறையும் புள்ளியைத் தூசி என்று எடுத்துக்கொள்ளும். ஊர்வலத்தில் கொளுத்திய பூச்சட்டியின் பொறியும் அப்படித்தானே? துடைப்பு மிஞ்சினால் பூச்சட்டி புகையோடு நின்றுவிடும்!

ஓலைத் தட்டிக்கு அப்பால்

அப்படியானால் எல்லாமே ஏமாற்றா? இல்லவே இல்லை. ஓலைத் தட்டிக்கு அப்பால் இருப்பதை நின்று பார்த்தால், இடுக்கில் அகப்பட்டதுதான் தெரியும். தட்டியை ஒட்டி நடந்துகொண்டே பாருங்கள். முழுக் காட்சியும் மனத்தில் சேர்ந்துவிடும். வீடியோவிலும் விநாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. காமிராக்காரரின் கை லேசாக ஆட, ஒவ்வொரு படமும் சற்றே வேறிடத்தைப் பிடிக்கிறது. அடுத்தடுத்த படங்களைப் பொருத்திச் சேர்த்தால், ஒன்றில் இல்லாத நுணுக்கம் இன்னொன்றிலிருந்து கிடைக்கும். அது மெய்யாகவே இருந்த நுணுக்கம்.

சினிமாவின் கதை இன்னும் மேல். 1964-ல் வந்த பந்துலுவின் 'கர்ணன்' டிஜிடல் முறையில் செப்பனிடப்பட்டு 2012-ல் மறுபடியும் திரைக்கு வந்ததும், ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்ததும் நினைவிருக்கும். முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருளில் காஸெட்டைவிடப் பல மடங்கு நுணுக்கம் உறங்குகிறது. அங்கே வேலை, இருப்பதைத் துலக்குவது. காஸெட்டிலோ இல்லாததையும் வரைய வேண்டியிருக்கிறது.

துலக்குவதற்கும் வரைவதற்கும் உள்ள வித்தியாசம் கல்யாண வீட்டோடு முடிந்துவிடுவதில்லை. 2024-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கு. செயற்கை அறிவால் தெளிவாக்கிய செல்போன் வீடியோவைச் சாட்சியமாக ஏற்க நீதிபதி மறுத்துவிட்டார். நம் ஊரில் ஒரு விபத்தோ திருட்டோ நடந்து, கண்காணிப்புக் காமிராவின் மங்கல் படத்தை இப்படிப் பெரிதாக்கினால், இயந்திரம் வரைந்த முகம் நிரபராதி ஒருவருடையதாக இருக்கக் கூடாதா?

வீட்டில் செய்ய வேண்டியவை

காஸெட்டை இன்னும் தள்ளிப் போடாதீர்கள். வி.எச்.எஸ். பிளேயர் செய்துவந்த கடைசி ஜப்பானியக் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தால், சுத்தம் செய்யாமல் ஓட்ட விடாதீர்கள். முதலில் உள்ளது உள்ளபடி ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். திருத்தமெல்லாம் இரண்டாவது பிரதியில். பழைய வீடியோவில் ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் மாறி மாறிப் பதிந்திருக்கும். அவற்றை ஒழுங்காகச் சேர்க்காமல் பெரிதாக்கினால், கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலத் தெரியும். இருபது மடங்குக்கு ஆசைப்படாமல் நாலு மடங்கோடு நிறுத்தினால், இயந்திரத்தின் கற்பனைக்கு வேலை குறையும்.

திருத்திய படம் வந்ததும் அதே கல்யாணத்தின் ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியை நேரில் கண்ட பெரியவர் ஒருவரையும் உட்கார வையுங்கள். "ஆமாம், இது அவள்தான்" என்று அவர் சொன்னால் சந்தோஷம். "ஜாடை இருக்கிறது, ஆனால்..." என்று இழுத்தால், அந்தப் பிரதியின் மேல் 'இயந்திரம் திருத்தியது' என்று எழுதி வையுங்கள். காஸெட்டை மட்டும் எறிந்துவிடாதீர்கள். மங்கலாக இருந்தாலும், பாட்டியின் முகத்தில் பட்ட வெளிச்சம் வந்து பதிந்தது அதில்தான்.