சந்தேகப் பேய் குடியிருந்த தீவுக் கோட்டை

அண்ணன் தம்பியைப் பிடித்துச் சிறையில் அடைத்தான். சில ஆண்டுகள் சென்றன. தம்பி அண்ணனைப் பிடித்துச் சிறையில் அடைத்தான்.

இருவரும் அடைபட்டது ஒரே கோட்டையில்! இருவரும் ஒரே நாட்டை ஆண்ட மன்னர்கள்!

இந்த விந்தை நடந்த இடம் சுவீடன் நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் கிரிப்ஸ்ஹோம் கோட்டை.

ஏரிக்குள் கோட்டை

சுவீடனின் தலைநகரம் ஸ்டாக்ஹோம். அங்கிருந்து மேற்கே சுமார் 65 கிலோமீட்டர் தூரத்தில் மரியபிரெட் என்ற சிற்றூர் இருக்கிறது. ஊரை ஒட்டி மேலாரன் என்ற பெரிய ஏரி. ஏரிக்குள் ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவின் மேல்தான் கோட்டை நிற்கிறது.

செங்கல் நிறச் சுவர்கள். பருத்த, உருண்ட கோபுரங்கள் நான்கு. சுற்றிலும் தண்ணீர். பாலத்தைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும்.

ஊரில் ஒரு குட்டி ரெயில் ஓடுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம் 60 சென்டிமீட்டர்தான்! நீராவி எஞ்சின் புகை விட்டபடி இழுத்துச் செல்லும். கோடை நாட்களில் கோட்டையைப் பார்க்க வரும் குடும்பங்கள் இதில் ஏறாமல் திரும்புவது இல்லை.

"கிரிப்" என்பது கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை மிருகம். "ஹோம்" என்றால் சிறு தீவு. 14-ஆம் நூற்றாண்டில் இங்கே முதலில் கோட்டை கட்டிய பிரபுவின் பெயர் போ யோன்சன் கிரிப். அவருடைய சின்னமும் அந்த மிருகத்தின் தலைதான்.

இப்போது இருக்கும் கோட்டை அதற்குப் பிறகு வந்தது. 1537-ஆம் ஆண்டில் குஸ்தாவ் வாசா என்ற மன்னன் அதைக் கட்டத் தொடங்கினான். எதிரிகள் வந்தால் தப்பவேண்டும் என்று சுவர்களைக் கனமாக எழுப்பினான்.

ஆனால் அவன் மக்களுக்கு எதிரி வெளியில் இருந்து வரவில்லை!

வெள்ளைச் சீமாட்டி

சுவீடனில் பழைய கோட்டை என்றால் பேய்க் கதையும் உண்டு. அநேகமாக அது வெள்ளை உடை உடுத்த ஒரு பெண்ணைப் பற்றியதாக இருக்கும். ஸ்டாக்ஹோம் அரண்மனையில் இந்த "வெள்ளைச் சீமாட்டி" தோன்றினால், அரச குடும்பத்தில் சாவு விழும் என்பது பழங்கால நம்பிக்கை.

இந்தக் காலத்தில் யார் பேயை நம்புகிறார்கள் என்று கேட்கலாம். சுவீடன் அரசி சில்வியாவே 2017-ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் பேய்களைப் பற்றிப் பேசினார். தாம் வசிக்கும் டிராட்னிங்ஹோம் அரண்மனையில் அவை இருப்பதாகவும், அவை நல்ல பேய்கள், சிறிய நண்பர்கள் என்றும் சொன்னார்!

கிரிப்ஸ்ஹோமிலும் ஒரு பேய் குடியிருந்தது. அது வெள்ளை உடை உடுத்தவில்லை. சலங்கை ஒலிக்கவில்லை. அதன் பெயர் சந்தேகம்!

அண்ணன் அரசன், தம்பி கைதி

குஸ்தாவ் வாசாவின் மூத்த மகன் எரிக். 1560-இல் பட்டத்துக்கு வந்தான். நன்றாகப் படித்தவன். ஆனால் யாரையும் நம்பமாட்டான்.

அவனுடைய தம்பி யோகன் (வேறு தாய்க்குப் பிறந்தவன்) பின்லாந்துப் பகுதியை ஆண்டு வந்தான். யோகன் 1562-இல் கத்தரீனாவை மணந்தான். அவள் போலந்து மன்னனின் தங்கை.

"தம்பி எனக்கு எதிராகப் பலம் தேடுகிறான்" என்று எரிக் நினைத்தான். படை அனுப்பினான். 1563-இல் யோகன் பிடிபட்டான். அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் தலையை வெட்டவில்லை. கிரிப்ஸ்ஹோம் கோட்டையில் அடைத்தார்கள்.

கத்தரீனா மேல் குற்றம் இல்லை. அவள் வேறு மாளிகையில் வசதியாக வாழலாம் என்று சொன்னார்கள்.

கத்தரீனா பதில் பேசவில்லை. தன் விரலில் இருந்த திருமண மோதிரத்தைக் கழற்றிக் காட்டினாள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அதில் லத்தீன் மொழியில் மூன்று சொற்கள் பொறித்திருந்தன. "சாவைத் தவிர வேறு யாரும் பிரிக்க முடியாது" என்பது அதன் கருத்து.

கணவனோடு அவளும் சிறைக்குள் நடந்தாள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, நான்கு ஆண்டுகள்! அந்தச் சிறையிலேயே அவள் பிள்ளை பெற்றாள். மூத்த பெண் குழந்தை சின்ன வயதிலேயே இறந்துவிட்டது. 1566-இல் சிகிஸ்மண்ட் என்ற மகன் பிறந்தான்.

காட்டில் திரிந்த மன்னன்

தம்பியை அடைத்த பிறகாவது எரிக் நிம்மதியாகத் தூங்கினானா? இல்லை! சந்தேகம் மேலும் வளர்ந்தது.

ஸ்டூரே என்ற பெரிய பிரபுக் குடும்பம் தன்னைக் கவிழ்க்கப் பார்க்கிறது என்று நினைத்தான். 1567 மே மாதம் உப்சாலா கோட்டையில், கைதியாக இருந்த நில்ஸ் ஸ்டூரேயைத் தன் கையாலேயே கத்தியால் குத்தினான். மற்றவர்களைக் காவலர்கள் கொன்றார்கள். தனக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியரைக்கூட எரிக் விடவில்லை. அவரும் கொல்லப்பட்டார்.

பிறகு புத்தி கலங்கியது. குடியானவன் உடையில் காட்டில் அலைந்தான். சில நாட்கள் கழித்துத்தான் அவனைக் கண்டுபிடித்தார்கள்.

அப்போது அவனைத் தேற்றியவள் காரின். அவள் ஒரு சாதாரணப் படைவீரனின் மகள். 1568-இல் எரிக் அவளுக்கு அரசியாக முடி சூட்டினான். பிரபுக்கள் பல்லைக் கடித்தார்கள்.

சக்கரம் சுழன்றது

இதற்குள் யோகன் விடுதலை ஆகியிருந்தான். 1568-இல் அவன் தன் தம்பி கார்லோடு சேர்ந்து கிளம்பினான். ஸ்டாக்ஹோம் வீழ்ந்தது. யோகன் அரசன் ஆனான். எரிக் கைதி ஆனான்!

அண்ணனைச் சிறை சிறையாக மாற்றினார்கள். 1571-இல் அவன் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? கிரிப்ஸ்ஹோம்! எந்தக் கோட்டையில் தம்பியை அடைத்தானோ, அதே கோட்டை!

காரினும் பிள்ளைகளும் அவனுடன் இருந்தார்கள். 1573-இல் அவர்களையும் பிரித்துவிட்டார்கள். காரின் பின்லாந்துக்கு அனுப்பப்பட்டாள். எரிக் அவளைப் பிறகு பார்க்கவே இல்லை.

சந்தேகப் பேய் இப்போது யோகனைப் பிடித்துக்கொண்டது. எரிக்கை மீட்க யாராவது வந்தால் அவனைக் கொன்றுவிட வேண்டும் என்று காவலர்களுக்கு உத்தரவு போட்டான்.

1577-இல் எரிக், வேறொரு கோட்டையில், சிறையிலேயே இறந்தான். பட்டாணி சூப்பில் நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள்.

சுமார் 380 ஆண்டுகள் கழித்து, 1958-இல், அவனுடைய கல்லறையைத் திறந்து எலும்புகளைச் சோதித்தார்கள். ஆர்சனிக் என்ற நஞ்சு அவற்றில் நிறைய இருந்தது!

சிறையில் பிறந்த சிகிஸ்மண்ட் போலந்துக்கும் சுவீடனுக்கும் அரசன் ஆனான். ஆனால் 1599-இல் சுவீடன் முடியை இழந்தான். பறித்தவர் யார்? அவனுடைய சொந்தச் சித்தப்பா கார்ல்தான்!

நாடகமும் சிறையும்

கோட்டையின் ஒரு கோபுரத்துக்குச் "சிறைக் கோபுரம்" என்று பெயர். இன்னொன்று "நாடகக் கோபுரம்". மூன்றாம் குஸ்தாவ் என்ற கலைப்பிரியனான மன்னன் 18-ஆம் நூற்றாண்டில் அதற்குள் அழகிய நாடக அரங்கு அமைத்தான். அது இன்றும் இருக்கிறது.

அந்த மன்னனை 1792-இல், முகமூடி நடன விழாவில் சுட்டார்கள். மார்ச் 29 அன்று உயிர் பிரிந்தது.

அவன் மகன் நான்காம் குஸ்தாவ் அடோல்ப். போரில் தோற்றதால் 1809-இல் தளபதிகளே அவனைக் கைது செய்தார்கள். கொண்டுபோய் வைத்தது கிரிப்ஸ்ஹோமில்தான். அங்கே அவன் முடி துறந்து கையெழுத்துப் போட்டான். அன்றும் மார்ச் 29!

சிரிக்க வைக்கும் சிங்கம்

இன்று அங்கே கைதிகள் இல்லை. சுவர்களில் படங்கள்தான் இருக்கின்றன. அரசர், அரசியர், புலவர், விஞ்ஞானிகள் என்று ஆயிரக்கணக்கான உருவப் படங்கள் அந்நாட்டு அரசின் சேகரிப்பில் உள்ளன.

குழந்தைகள் ஓடிப்போய்ப் பார்ப்பது ஒரு சிங்கத்தை! 1731-இல் அல்ஜியர்ஸ் நாட்டு அதிபர் சுவீடன் மன்னனுக்கு அனுப்பிய சிங்கம் அது. செத்த பிறகு தோலைப் பாடம் செய்தார்கள். அந்த வேலையைச் செய்தவர் சிங்கத்தைப் பார்த்ததே இல்லையாம்! கண்கள் இரண்டும் நெருங்கி, நாக்கு வெளியே தொங்க, பல் இளித்தபடி நிற்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்காதவர் கிடையாது.

தீவில் ஒரு மாளிகை

யோகன் அரசனான பிறகு கத்தரீனாவை மறக்கவில்லை. அதே மேலாரன் ஏரியில், வேறொரு தீவில், அவளுக்காக ஒரு மாளிகை கட்டினான். அதற்கு டிராட்னிங்ஹோம் என்று பெயர் வைத்தான். "அரசியின் தீவு" என்று பொருள். அந்த முதல் மாளிகை 1661-இல் தீயில் அழிந்தது. அதே இடத்தில் எழுந்ததுதான் அரசி சில்வியா வசிக்கும் அரண்மனை.

அண்ணனை நம்பாத தம்பியும், தம்பியை நம்பாத அண்ணனும் மாறி மாறிச் சிறை கண்டார்கள். கணவனை நம்பிச் சிறைக்குள் போனவள் பெயரால் ஒரு தீவே இருக்கிறது. அங்கே இருப்பவை நல்ல பேய்கள் என்று அரசி சொன்னதும் ஒருவேளை சரிதானோ?