பழைய மடிக்கணினியைத் தள்ளிவிடும் முன்...

"வாப்பா, இது கண் விழிப்பதற்குள் பாதி வகுப்பு முடிந்துவிடுகிறது" என்று கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் கடைக்குட்டி மகள் ஒருநாள் சலித்துக்கொண்டாள். அவள் கையில் இருந்தது அவளுடைய மூத்த காக்காவின் மடிக்கணினி. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், பன்னிரண்டாம் வகுப்பில் அவனுக்குக் கிடைத்தது. 2 ஜி.பி. நினைவகம், 320 ஜி.பி. வன்தட்டு. அன்று அது வீட்டுக்கே பெருமையாக இருந்தது. இன்று அதைத் திறந்துவிட்டுத் தேநீர் குடித்து முடித்தாலும் திரை தெளிவதில்லை.

விசாரித்த இடத்தில், "இதை ஓரம் கட்டுங்கள், மாதத் தவணையில் புதியது எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். தவணை என்றதும் என் மனைவியின் முகம் மாறியது. "கடன்படாமல் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்" என்றாள். வழி இருந்தது. ஆனால் அதைக் கண்டடையும் முன் நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறு பிறருக்குப் பாடமாகட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

"நினைவகத்தைக் கூட்டினால் வேகம் கூடும்" என்று யாரோ சொன்னதை நம்பி, 4 ஜி.பி. நினைவகப் பட்டை ஒன்றை வாங்கி வந்து, காலியாக இருந்த இரண்டாவது துளையில் பொருத்தினேன். மொத்தம் 6 ஜி.பி. ஆயிற்று. ஆனால் கணினியோ, "பொருத்தப்பட்டது 6, பயன்படத்தக்கது சுமார் 3" என்று காட்டியது. வேகத்திலும் பெரிய மாற்றம் இல்லை.

காரணத்தை விளக்கியவர் கணினி பழுது பார்க்கும் என் தங்கை மகன். "மாமா, இதில் இருப்பது 32 பிட் விண்டோஸ். அதனால் 4 ஜி.பி.க்கு மேல் ஆள முடியாது" என்றார். 32 பிட் முறையில் எண்ணக்கூடிய முகவரிகள் சுமார் 429 கோடி மட்டுமே, 4 ஜி.பி. என்பது அதுதான். அதிலும் ஒரு பகுதியைத் திரை முதலான உறுப்புகள் எடுத்துக்கொள்ளும். 64 பிட் இயங்குதளம் இல்லாமல் கூடுதல் நினைவகம் வாங்குவது, பூட்டிய அறைக்கு விரிப்பு வாங்குவது போன்றது.

மேசையும் அலமாரியும்

நினைவகம், சேமிப்பகம் ஆகிய இரண்டையும் நம்மில் பலர் ஒன்றெனக் கருதிவிடுகிறோம். ராம் எனப்படும் நினைவகம் நாம் வேலை செய்யும் மேசை. வன்தட்டு, அறையின் மூலையில் நிற்கும் அலமாரி. மேசை சிறியதாயின், ஒவ்வொரு தாளுக்கும் எழுந்து அலமாரிக்கு நடக்க வேண்டும். மின்சாரம் நின்றால் மேசையில் உள்ளவை மறைந்துவிடும்; அலமாரியில் உள்ளவை நிலைக்கும்.

பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வன்தட்டு. அதாவது வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி வினாடி ஆகிறது. தேவையான இடம் ஊசிமுனையின் கீழ் வரும்வரை கணினி காத்திருக்க வேண்டும். கணினியைத் திறக்கும்போது இத்தகைய காத்திருப்பு ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகமே இல்லை. சில்லுகளிலிருந்து நேரே படிக்கிறது. காத்திருப்பு ஒரு மில்லி வினாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பழைய கணினிக்கு அதிக உயிர் தருவது இந்த மாற்றமே. நினைவகம் சற்றுக் குறைவாக இருந்தாலும், அலமாரி கைக்கெட்டும் தொலைவுக்கு வந்துவிடுவதால் அந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை.

ஆகவே கையில் உள்ள தொகை ஒன்றுக்கு மட்டுமே போதுமானால், வன்தட்டு உள்ள கணினிக்கு முதலில் எஸ்.எஸ்.டி. வாங்குவதே அறிவுடைமை. நினைவகம் அடுத்தது.

நோய் அறிந்து மருந்து

விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமான வேலையைச் செய்துகொண்டே அதைக் கவனியுங்கள். நினைவகம் எப்போதும் நிரம்பி வழிந்தால் மேசை சிறியது என்று பொருள். நினைவகத்தில் இடம் இருந்தும் வன்தட்டு நூறு விழுக்காட்டிலேயே நின்றால், குறை அலமாரியில்.

எங்கள் கணினியில் வன்தட்டு நூறிலேயே நின்றது. அதன் உடல்நிலையைக் காட்டும் இலவச மென்பொருளால் சோதித்தபோது, தட்டின் சில பகுதிகள் கெட்டுப்போனதாக எச்சரிக்கை வந்தது. "மாமா, வேகத்தை அப்புறம் பார்ப்போம். இதில் உங்களுக்கு வேண்டியது என்ன இருக்கிறது?" என்றார் மருமகன்.

அப்போதுதான் என் நெஞ்சு திக்கென்றது. மறைந்த என் உம்மா கலந்துகொண்ட கடைசிப் பெருநாளின் நிழற்படங்களும், அவர் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் ஒலிப்பதிவும் அதில் மட்டுமே இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை!

நகலே முதல் வேலை

அன்றிரவு முழுவதும் அவற்றை வெளித்தட்டு ஒன்றுக்கு மாற்றினோம். ஒலிப்பதிவு மூன்றாவது முயற்சியில்தான் வந்தது. நிழற்படங்களில் பதினொன்று வரவே இல்லை. நான் முதலில் வாங்கிய நினைவகத்தின் விலை எனக்குப் பெரிய இழப்பல்ல. அந்தப் பதினொன்றுதான் இழப்பு.

எனவே திருகாணியைத் தொடும் முன் நகல் எடுங்கள். வன்தட்டில் கடகடவென்ற ஓசை கேட்டாலோ, கோப்புகள் திறக்க மறுத்தாலோ, அதை மேலும் சோதிக்காமல் முக்கியமானவற்றை உடனே வெளியே எடுங்கள். நகல் இரண்டு இடங்களில் இருப்பது நல்லது. எஸ்.எஸ்.டி.யை நிரப்பி ஆண்டுக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைப்பதும் சரியன்று. நெடுங்காலம் மின்சாரம் இன்றிக் கிடந்தால் அதன் மின்னேற்றம் கசிந்து பதிவுகள் அழியக்கூடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

நினைவகப் பட்டைகள் தலைமுறைக்குத் தலைமுறை வேறுபடும். டி.டி.ஆர். 3 வகை மடிக்கணினிப் பட்டையில் 204 முனைகள், டி.டி.ஆர். 4 வகையில் 260, டி.டி.ஆர். 5 வகையில் 262. வெட்டுக்குறியின் இடமும் மாறும். ஒன்றின் துளையில் மற்றொன்று நுழையாது. டி.டி.ஆர். 3இலேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இருவகை உண்டு. பழைய பட்டையில் ஒட்டியுள்ள சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கடையில் காட்டுவது எளிய வழி. தாய்ப்பலகை எவ்வளவு ஏற்கும் என்பதையும் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மெலிதான கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற வழியில்லை.

பழைய கணினிகளுக்குப் பொருந்துவது 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. எம்.2 என்ற மெலிந்த பட்டை வடிவம் வேறு. அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இருவகை உண்டு. துளை எதுவென்று அறியாமல் வாங்கக் கூடாது. படிப்புக்கும் வீட்டுக் கணக்குக்கும் 240 அல்லது 256 ஜி.பி. போதும். நம்ப முடியாத விலைக்குப் பெருங்கொள்ளளவு தருவதாகச் சொல்லும் பெயரறியாச் சரக்கைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்று: 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களின் தேவை பெருகியதால், நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. ஆதலால் ஆசைக்கு வாங்காமல், தேவைக்கு மட்டும் வாங்குவதே சிக்கனம்.

பொருத்துதலும் இயங்குதளமும்

மின்கம்பியைப் பிடுங்கி, மின்கலத்தையும் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்னேற்றம் நீங்க, உலோகப் பொருள் ஒன்றைத் தொட்டுக்கொள்ளுங்கள். நினைவகப் பட்டையைச் சாய்வாக நுழைத்து, இருபுறக் கவ்விகளும் பிடிக்கும்வரை மெல்ல அழுத்தினால் அமர்ந்துவிடும். வலிந்து திணித்தால் முறிந்துவிடும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இத்தகைய பழைய செயலிகளை ஏற்பதில்லை. ஆகவே நாங்கள் 64 பிட் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினோம். வீணாகக் கிடந்த 4 ஜி.பி. பட்டையும் அன்றுதான் பயன்பாட்டுக்கு வந்தது. நான்கு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட கணினி, இப்போது ஒரு நிமிடத்துக்குள் ஆயத்தமாகிறது. ஆனாலும் செயலி பழையதுதான். காணொளித் தொகுப்பு போன்ற கனமான வேலைகளை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. கல்லூரியில் குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருள் கட்டாயமா என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கழற்றிய தட்டு யார் கையில்?

நம் இல்லத்தரசிகளும் பெற்றோரும் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி இது. கழற்றிய வன்தட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவோர் உண்டு. கோப்பை அழித்தாலும் பெரும்பாலும் அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து நீங்குகிறது. உள்ளிருப்பது அதன்மீது வேறொன்று எழுதப்படும்வரை மீட்கத்தக்கதாகவே இருக்கும். குடும்பப் பெண்களின் நிழற்படங்கள், அடையாள அட்டைகளின் நகல்கள், வங்கி விவரங்கள் ஆகியவை அந்நியர் கைக்குப் போய்விடலாம். தட்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். முழுவதும் மேலெழுதி அழியுங்கள். கெட்டுப்போனதாயின் துளையிட்டுச் சிதைத்த பின்னரே அப்புறப்படுத்துங்கள்.

எப்போது செலவு வேண்டாம்?

மின்கலம் உப்பியிருந்தால் அக்கணினியை உடனே நிறுத்திவிட வேண்டும். அது தீ விபத்தில் முடியலாம். திரை, கீல், விசைப்பலகை ஆகியன ஒருங்கே பழுதாகியிருந்தால் அதில் பணம் போடுவதும் வீண். சேமிப்பகம், நினைவகம், மின்கலம் ஆகியவற்றின் மொத்தச் செலவு, நல்ல நிலையில் உள்ள பழைய கணினியொன்றின் விலையை நெருங்கினால் அதை வாங்குவதே மேல்.

வாசகச் சகோதர சகோதரிகளே! எடுத்ததற்கெல்லாம் புதியது வாங்குவது வீண்விரயம்; ஆராயாமல் பழையதில் பணத்தைக் கொட்டுவதும் வீண்விரயமே. முதலில் நகல், பிறகு சோதனை, அதன் பின்னரே கடைவீதி. இந்த வரிசை மாறாதிருந்தால் பணமும் மிஞ்சும். மீட்க முடியாத நினைவுகளும் மிஞ்சும். உம்மா கதை சொல்லும் குரலை என் மகள் இப்போது அதே மடிக்கணினியில் கேட்கிறாள்.