இன்பாக்ஸும் ஒரு லேபிள்தான்

மின்னஞ்சலைத் திறந்ததும் அனுப்பியவர் பெயர், பொருள், தேதி, உள்ளே எழுதிய சேதி ஆகியவை கண்ணில் படுகின்றன. மெயில் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறோம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, ஏதாவது ஒரு மெயிலின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி, அதன் அசல் வடிவத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சேதிக்கு முன்னால் திரை கொள்ளாத அளவுக்கு வரிகள் வந்து நிற்கும். அதுதான் மெயிலின் தலைப்பகுதி.

அதில் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். மெயிலை வாங்கும் ஒவ்வொரு சர்வரும் தன் பெயரையும் வாங்கிய நேரத்தையும் எல்லாவற்றுக்கும் மேலே எழுதிவிட்டுத்தான் அடுத்த சர்வருக்குத் தள்ளிவிடும். அடியில் இருக்கும் வரிகளை மோசடிக்காரர்கள் புனைந்திருக்கக்கூடும். உச்சியில் இருப்பது நம்முடைய சர்வரே எழுதியது, அதை நம்பலாம். எங்கோ புறப்பட்ட ஒரு சேதி வந்த வழி முழுவதும் நொடிக் கணக்கோடு நம் பெட்டியிலேயே கிடக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததே இல்லை.

இந்த வரிகளின் அமைப்பு மிக எளியது. ஒரு பெயர், ஒரு முக்காற்புள்ளி, பிறகு விவரம். 1982-இல் ஆர்.எஃப்.சி. 822 என்ற ஆவணம் இதை வரையறுத்தது. பிறகு திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை மாறவில்லை. எந்த நிறுவனத்தின் பூட்டும் இல்லாத வெறும் எழுத்து என்பதால்தான் வடிகட்டி என்ற ஒன்று சாத்தியமானது. இந்த வரியில் இன்னது இருந்தால் இன்னதைச் செய் என்று நாம் சொல்லிவைக்கிறோம். மெயில் வந்து சேரும்போதே அது நடந்துவிடுகிறது.

பலரும் பொருள் வரியில் வரும் சொல்லை வைத்து விதி எழுதுகிறார்கள். அது சீக்கிரம் காலை வாரும். 'பில்' என்ற சொல்லைப் பிடிக்கச் சொன்னால் மின்கட்டண ரசீதோடு, சட்டமன்ற மசோதா பற்றிய செய்தி மடலும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். குழு மடல்களிலும் பல செய்தி மடல்களிலும் 'லிஸ்ட்-ஐடி' என்றொரு வரி மறைந்திருக்கிறது. 2001-இல் வகுக்கப்பட்ட முறை அது. பொருள் நாளுக்கு நாள் மாறும், குழுவில் எழுதுகிறவர் மாறுவார், இந்த அடையாளம் மட்டும் மாறுவதில்லை. விதியை இதன்மேல் கட்டினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

அதே 2001-இல் மெயில் வடிகட்டுவதற்கென்றே 'சீவ்' என்ற கணினி மொழியின் வரையறையும் வெளியானது. நிரல் எழுதப் பழகுகிறவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் 'லூப்', அதாவது ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் வசதி, அதில் கிடையாது. வேண்டுமென்றேதான் விட்டுவிட்டார்கள். நாம் எழுதும் விதி நம் கணினியில் ஓடுவதில்லை, ஆயிரக்கணக்கானவர்களின் அஞ்சலைக் கையாளும் சர்வரில் ஓடுகிறது. ஒருவருடைய விதி முடிவில்லாமல் சுற்றத் தொடங்கினால் எல்லாருடைய மெயிலும் தேங்கிவிடும். லூப் இல்லாததால் சீவ் விதி எப்படி எழுதினாலும் ஓடி முடிந்தே தீரும். ஃபாஸ்ட்மெயில், புரோட்டான் மெயில் போன்ற சேவைகளில் இந்த மொழியில் நீங்களே விதி எழுதலாம்.

சரி, பிரித்த மெயிலை எங்கே வைப்பது? மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக எடுத்த ரயில் டிக்கெட் கல்வியா, பயணமா, செலவா? ஃபோல்டர் இதற்கு ஒரே பதில்தான் கேட்கும். நூலகங்களில் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலின் பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து, அவற்றை முக்காற்புள்ளியால் கோத்து எண் கொடுக்கும் முறை அது. ஆனாலும் காகிதப் புத்தகம் அலமாரியில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். மெயிலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2004 ஏப்ரல் 1 அன்று வந்த ஜிமெயில், ஃபோல்டரை விட்டுவிட்டு லேபிளைக் கையில் எடுத்தது. அந்த டிக்கெட்டுக்கு மூன்று லேபிள்களையும் ஒட்டலாம். மெயில் ஒன்றுதான், லேபிள்கள் அதைச் சுட்டுகின்றன.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஜிமெயிலில் இன்பாக்ஸும் ஒரு லேபிள்தான். காப்பகப்படுத்தினால் மெயில் எங்கும் பெயர்ந்து போவதில்லை, இன்பாக்ஸ் என்ற லேபிள் மட்டும் கழன்றுவிடுகிறது. ஒரு லேபிளையே நீக்கினாலும் அது ஒட்டியிருந்த மெயில்கள் அழியாது. மெயிலை நீக்கினால் கதை வேறு. எந்த லேபிளுக்குள் நின்று நீக்கினாலும் எல்லா லேபிள்களிலிருந்தும் மறைந்து, குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். அதனால் பயப்படாமல் லேபிளைக் கழற்றுங்கள், யோசித்து மெயிலை நீக்குங்கள்.

ஸ்பேமைப் பிடிக்கும் ஏற்பாடு வேறு வகை. அது சாத்தியக்கூற்றைக் கணக்கிட்டு ஊகிக்கிறது. பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கிறது, தவறும்போது ஏன் என்று நமக்கு விளங்குவதில்லை. நாம் எழுதிய விதி தவறினால் எந்த வரியால் தவறியது என்று பார்த்துத் திருத்திவிடலாம். சமூக ஊடகங்களில் எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். அஞ்சல் பெட்டியில் அந்த உரிமை இன்னும் நம்மிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு என்பேன்.

இன்பாக்ஸைத் தவிர்க்கச் சொல்லும் விதியை, காத்திருக்கக்கூடிய மெயில்களுக்கு மட்டும் எழுதுங்கள். வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள் என்றால், அந்த அலுவலகத்தின் முகவரிக்கு ஒரு வடிகட்டி எழுதி, ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே என்ற கட்டத்தை இன்றைக்கே டிக் செய்துவிடுங்கள்.